நாலுவழிச் சாலைக்குப் பின் மிஞ்சும் நிலம்: பணமா, மாற்றா, தொகுப்பா?

சாலைக்கு அளவுக்கல் நட்டுவிட்டு சர்வேக்காரர்கள் போன அன்று சாயங்காலம் பெரியப்பா காட்டை ஒரு சுற்று நடந்து வந்தார். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எடுக்கிற நிலத்துக்குக் காசு தர்றாங்க, சரி. கிணறு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம் ஆகுதே, அதுக்கு யாருடா காசு தருவா?"

மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். சாலைக்குப் போவது ஒரு ஏக்கர் பத்து சென்ட். மேற்கே கிணற்றோடு ஒரு ஏக்கர் அறுபத்தெட்டு, கிழக்கே அறுபத்திரண்டு சென்ட் மிஞ்சுகிறது. அந்த அறுபத்திரண்டும் சதுரமாக இல்லை, சாலை குறுக்காகப் போவதால் முக்கோணம். முனையில் டிராக்டர் திரும்பாது. தண்ணீர் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் வேலி வந்துவிட்டால் அங்கே போக சுரங்கப்பாலம் வரை சுற்ற வேண்டும். பெரியப்பாவுக்காகத்தான் நான் இந்த ஒப்பீட்டைச் செய்ய ஆரம்பித்தேன். செய்து முடித்தபோது ஒன்று புரிந்தது: எந்த வழியில் எவ்வளவு பணம் என்று கேட்டால் சரியான விடை வராது. ஒவ்வொரு வழியும் அந்த முக்கோணத்தை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். புதிதாக வரும் நாலுவழிச் சாலைக்கு 60 மீட்டர் அகலம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 15 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. இப்படிப்பட்ட நிலப்பரப்பில் ஒரு கோடு சாய்வாக விழுந்தால் எத்தனை வீட்டில் முக்கோணம் மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் வாங்கிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு இருப்பது

நடைமுறையில் எல்லோருக்கும் நடப்பது இதுதான். தேர்ந்தெடுத்து நடப்பதில்லை, வேறு எதுவும் யோசிக்காததால் நடப்பது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று 3ஏ பிரிவில் அறிவிக்கை வரும். அதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரு வருடத்துக்குள், நிலத்தை எடுத்துக்கொள்வதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வர வேண்டும். அது வந்த நாளில் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும். பிறகுதான் இழப்பீட்டு விசாரணை. தொகை போதவில்லை என்றால் நடுவரிடம் போகலாம். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர்.

தொகையைக் கணக்கிடும் முறை 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் வழியில் போகிறது. சந்தை மதிப்பை எடுத்து, கிராமப்புறம் என்றால் 1 முதல் 2 வரை மாநிலம் நிர்ணயிக்கும் எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகை கூட்டுவார்கள். ஏக்கர் 10 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை லட்சம், அதோடு இன்னொரு பன்னிரண்டரை, ஆக 25 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 10 லட்சம் எங்கிருந்து வருகிறது? வழிகாட்டி மதிப்பிலிருந்தோ, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருடத்தில் பதிவான கிரயப் பத்திரங்களிலிருந்தோ, எது கூடுதலோ அதிலிருந்து. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்பையே விலையாக எழுதிப் பழகிய ஊர்களில், அந்தப் பத்திரங்களே பின்னால் வந்து நம்மைக் கடிக்கும்.

இந்த வழியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். தனி ஆளாகச் செய்யலாம். யாருடைய சம்மதமும் வேண்டாம். பட்டா சுத்தமாக இருந்தால் பணம் வந்துவிடும். கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ, 1980களின் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது விழுந்த பிழை திருத்தப்படாமல் இருந்தாலோதான் வருடக்கணக்கில் முடங்கும்.

முக்கோணத்துக்கு? சட்டத்தில் வழி இருக்கிறது. 3ஜி(7) பிரிவு, எடுத்த நிலத்தின் விலையோடு நிற்காமல், ஒரு நிலத்தை மற்றதிலிருந்து துண்டிப்பதால் வரும் நட்டத்தையும், மிச்ச நிலத்துக்கோ வருமானத்துக்கோ வரும் கேட்டையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து எழுதித் தரப்போவதில்லை. விசாரணைக்கு அழைக்கும்போது பெரும்பாலானோர் மரத்தையும் கிணற்றையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். குழாய் துண்டாகிறது, மின் இணைப்பு மறுபக்கம் மாட்டிக்கொள்கிறது, வண்டித்தடம் அடைபடுகிறது என்று புல வரைபடத்தோடு எழுத்தில் கொடுப்பவர் குறைவு. நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். செலவு ஒரு மனுதான்.

கிடைக்கும் பணத்தில் வேறு இடத்தில் நிலம் வாங்குவது பற்றியும் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் சாலை வரும் செய்தி பரவிய நாளிலேயே அந்த வட்டாரத்தில் விலை ஏறிவிடும். பழைய பத்திரத்தின் விலையில் இழப்பீடு வாங்கி, புதிய விலையில் நிலம் வாங்கும் கணக்கு இது. சொந்த ஊரை விட்டுத் தள்ளிப் போகத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் கைகொடுக்கும்.

நிலத் தொகுப்பு: விவசாயியை மனையாக்கும் வழி

அடுத்தது, நிலத்தைக் கொடுத்துவிட்டு நிலமாகவே திரும்ப வாங்குவது. இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அகமதாபாத்தின் சர்தார் படேல் சுற்றுச்சாலை, 76 கிலோமீட்டர். குஜராத்தின் 1976ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்படி, சாலை போகும் பகுதியின் நிலங்களை எல்லாம் காகிதத்தில் ஒன்றாகக் கொட்டி, சாலைக்கும் பொதுத் தேவைக்கும் வேண்டியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சீரான மனைகளாக வெட்டி அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நிலத்தின் பரப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒவ்வொரு மனைக்கும் சாலை முகப்பு வந்தது, மதிப்பு பல மடங்கு ஏறியது. கோணலாக எதுவும் மிஞ்சவில்லை. முக்கோணப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு.

ஆனால் அது நகரத்தின் விளிம்பு. திரும்பி வந்தது மனை, வயல் இல்லை. விவசாயம் செய்யப்போகிறவருக்கு ஒன்றரை ஏக்கருக்குப் பதிலாக முக்கால் ஏக்கரைச் சதுரமாக்கிக் கொடுத்து என்ன பயன்?

இந்த வேறுபாட்டை மகாராஷ்டிர விவசாயிகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். மும்பை–நாக்பூர் சம்ருத்தி மகாமார்க், 701 கிலோமீட்டர். 2016 வாக்கில் அரசு முன்வைத்தது நிலத் தொகுப்பைத்தான். நிலத்தைக் கொடுங்கள், சாலையோரம் வரப்போகும் புதுநகரங்களில் உங்கள் நிலத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு, அல்லது சற்றுக் கூடுதலாக, மேம்படுத்திய மனை தருகிறோம், பத்து வருடம் ஆண்டுத்தொகையும் தருகிறோம் என்றார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியது. வராத நகரத்தில் மனை வாங்கி என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2017இல் அரசு இறங்கி வந்து, மதிப்பின் ஐந்து மடங்கு வரை கொடுத்து நேரடியாக வாங்கியது. பெரும்பாலானோர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சாலை 2025 ஜூனில் முழுதாகத் திறந்துவிட்டது. புதுநகரங்களின் கதை வேறு.

ஆந்திராவின் அமராவதியையும் சொல்வார்கள். அது சாலை இல்லை, தலைநகரம். 2015இல் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் விவசாயிகளே கொடுத்தார்கள். 2019இல் ஆட்சி மாறியதும் வேலை நின்றது. 2024இல் மறுபடி ஆட்சி மாறியதும்தான் உயிர் வந்தது. நடுவில் ஐந்து வருடம், கொடுத்த நிலமும் இல்லை, கிடைக்க வேண்டிய மனையும் இல்லை. தொகுப்பில் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த தேர்தல் முடிவையும் சேர்த்து வாங்குகிறார்.

தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு இடம் உண்டு. சென்னையைச் சுற்றியோ கோவை, ஓசூர் பக்கமோ, இன்னும் பத்து வருடத்தில் விவசாயம் இருக்காது என்று நீங்களே நினைக்கும் நிலமாக இருந்தால், இதுதான் எல்லாவற்றிலும் லாபமான வழி. எங்கள் ஊர் மாதிரி நிலக்கடலையும் தக்காளியும் விளையும் இடத்துக்கு இது பொருந்தாது. யாராவது வந்து புதுநகரம் வருகிறது என்று சொன்னால், எந்த வருடம் என்று கேளுங்கள்.

ஊர் முழுக்க ஏக்கருக்கு ஐந்து சென்ட்

இனி வருவது நம் ஊரில் இல்லாத வழி. இருந்தாலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரியப்பாவின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது.

பிரான்சில் 1962 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. நெடுஞ்சாலை போன்ற பெரிய வேலை ஒன்று விவசாய நிலங்களின் அமைப்பைக் கெடுக்கிறது என்றால், அந்த வட்டாரத்தின் நிலங்களை உரிமையாளர்களுக்குள் மாற்றி மறுபடி அடுக்கிக் கொடுக்கும் செலவைச் சாலை போடுகிறவரே ஏற்க வேண்டும் என்றது. அடுக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வதில் ஊர் அளவிலான குழுவுக்கு முக்கிய இடம் உண்டு. விவசாயிகளும் நில உரிமையாளர்களும் அதில் இருப்பார்கள். அந்தக் குழுவின் முன் இரண்டு வழி இருக்கும்.

ஒன்று, சாலைப் பட்டையை விலக்கி வைத்துவிடுவது. கோடு யார் நிலத்தில் விழுகிறதோ அவர் பணம் வாங்கிக்கொள்வார். மிச்ச நிலங்களை மட்டும் எல்லோருக்கும் இடையில் மாற்றி அடுக்குவார்கள். இரண்டு, சாலைப் பட்டையையும் உள்ளே சேர்த்துக்கொள்வது. அப்போது கோட்டுக்கு அடியில் இருப்பவர் மட்டும் இழக்க மாட்டார். மறுபடி அடுக்கும் பரப்புக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பார்கள், உச்சவரம்பு 5 சதவீதம். எல்லோருக்கும் அதற்கான பணமும் உண்டு.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் சாலைக்கு 15 ஏக்கர். 5 சதவீதம் என்றால் 300 ஏக்கர் பரப்பு வேண்டும். அதில் ஏக்கருக்கு ஐந்து சென்ட் போகும். பெரியப்பாவின் மூன்றே நாற்பதில் போவது பதினேழு சென்ட், ஒரு ஏக்கர் பத்து இல்லை. மிச்சம் மூன்று ஏக்கர் இருபத்து மூன்று, சாலையின் ஒரே பக்கத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில்.

ஜெர்மனியில் இதே யோசனை 1953ஆம் ஆண்டு நில ஒழுங்குச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் இருக்கிறது. நில உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து சட்டப்படி ஒரு கூட்டமைப்பு ஆவார்கள், தங்களுக்குள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மண்ணின் தரத்தை மதிப்பிட்டு, கொடுத்ததற்கு இணையான மதிப்புள்ள நிலம் திரும்பித் தரப்பட வேண்டும் என்பது விதி. வண்டிப்பாதையும் வாய்க்காலும் புதிதாகத் திட்டமிடப்படும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சாலைக்காரர்களுக்காக ஒரு நில நிறுவனம் முன்கூட்டியே அந்த வட்டாரத்தில் யார் தாமாக விற்கிறார்களோ அவர்களிடம் எல்லாம் வாங்கி வைக்கும். அந்த நிலம் கோட்டுக்கு அடியில் இருக்க வேண்டியதில்லை. ஊரின் மறுகோடியில் வாரிசு இல்லாத முதியவர் விற்கும் நாலு ஏக்கர், மறு அடுக்கலுக்குப் பின் சாலைக்கு அடியில் வந்து உட்காரும். கோட்டில் இருந்தவர் அந்த நாலு ஏக்கர் அளவுக்கு வேறு இடத்தில் பெற்றுக்கொள்வார். விற்க நினைத்தவர் விற்றார், உழ நினைத்தவர் உழுகிறார்.

குறையும் உண்டு. மெதுவான வேலை, பத்து வருடத்துக்கு மேல் இழுப்பது சாதாரணம். சாலைக்கு முன்கூட்டியே இடத்தைக் கொடுத்துவிட ஏற்பாடு இருப்பதால் சாலை நிற்காது, விவசாயிதான் தற்காலிக நிலத்தில் உழுதுகொண்டு காத்திருப்பார். பிரான்சின் பிரித்தானி பகுதியில் நிலங்களை அடுக்கும்போது உயிர்வேலிகளையும் வரப்புகளையும் பெருமளவில் அழித்துவிட்டு, மண்ணும் தண்ணீரும் போன பிறகு வருந்தினார்கள். எல்லாவற்றையும் விட, கருவி நல்லது என்பதால் பிடித்திருக்கும் கையும் நல்லது என்று ஆகிவிடாது. ஜெர்மனியின் பாக்ஸ்பெர்க்கில் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கார் சோதனைத் தடத்துக்காக இந்த 87ஆம் பிரிவைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். விவசாயிகள் எதிர்த்து வழக்காடினார்கள். ஒரு தனியார் நிறுவனத்துக்காக இப்படிச் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று 1987 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்துவிட்டது.

இந்தியாவில் நிலத்தை அடுக்கிய அனுபவம் இல்லாமல் இல்லை. பஞ்சாபில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், உத்தரப் பிரதேசத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் சிதறிய துண்டுகளை ஒன்றாக்கினார்கள். தமிழ்நாடும் கேரளமும் அப்படி ஒரு சட்டம் போடவே இல்லை. கால்வாய் பாயும் சமவெளியில் ஓர் ஏக்கர் இன்னோர் ஏக்கருக்குச் சமம் என்று ஒப்புக்கொள்வது எளிது. நம் பக்கத்தில் ஒரே புல எண்ணில் மேல்பாதி செம்மண், கீழ்பாதி சரளை. கிணற்றில் தண்ணீர் எந்த மூலையில் ஊறுகிறது என்பதுதான் நிலத்தின் விலை. சட்டம் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நெடுஞ்சாலையை ஒட்டி நிலங்களை மறுபடி அடுக்கும் கடமையை நம் சட்டங்கள் சாலைத் துறைக்குக் கொடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருபோகப் பாசன நிலத்துக்குக் கொடுத்த பாதுகாப்பிலிருந்தும் நெடுஞ்சாலை, ரயில்பாதை போன்ற நீளத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு.

இடையில் ஒரு எச்சரிக்கை: 2023இல் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் என்று ஒன்று வந்தது. பெயரைப் பார்த்து விவசாய நிலத்தை அடுக்கித் தரும் சட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். அது நீர்நிலைகள் உள்ளடங்கிய பெரிய திட்ட இடங்களுக்கு அரசு நிலத்தை ஒதுக்குவது பற்றியது. முக்கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பக்கத்துக் காட்டுக்காரரோடு மாற்றிக்கொள்வது

சரி, சட்டம் இல்லாத ஊரில் அதே வேலையை நாமே சிறிய அளவில் செய்ய முடியுமா? முடியும். பரிவர்த்தனைப் பத்திரம் என்று பெயர். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் இருக்கிறது. என் நிலம் உனக்கு, உன் நிலம் எனக்கு. பணம் கைமாற வேண்டியதில்லை. மதிப்பில் வித்தியாசம் இருந்தால் அந்த அளவுக்குக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

சாலைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களின் துன்பம் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கும். பெரியப்பாவுக்குக் கிழக்கே அறுபத்திரண்டு சென்ட் மாட்டிக்கொண்டது, கிணறு மேற்கே. பங்காளி ஒருவருக்கு நேர்மாறு: கிணறு கிழக்கே, மேற்கே எழுபது சென்ட் அநாதையாக நிற்கிறது. இருவரும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நிலம் ஒரே பக்கம். எட்டு சென்ட் வித்தியாசம்தான். இதைக் கண்டுபிடிக்க அறிவாளி தேவையில்லை, ஒரு புல வரைபடமும் இரண்டு கலர் பென்சிலும் போதும்.

ஆனால் எளிதில் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பேச்சில் எட்டு சென்ட் பெரிய விஷயமாக இல்லை. "அந்த எழுபது எங்க அப்பா காலத்துல ஏர் பூட்டின காடு" என்றார் பங்காளி. "என் அறுபத்திரண்டுல ரெண்டு வேப்பமரம் நிக்குது" என்றார் பெரியப்பா. இருபது வருடத்துக்கு முந்தைய வரப்புத் தகராறு ஒன்று எங்கிருந்தோ எழுந்து வந்தது. மாமா ஒருவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் காப்பி குடிக்கவைத்து அனுப்பினார். மூன்றாவது தடவைதான் பேச்சு நிலத்துக்கு வந்தது.

காகிதத்தில் கவனிக்க வேண்டியவை இவை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. இரண்டில் மதிப்புக் கூடிய நிலத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். சில ஆயிரங்களில் முடியாது, பத்திரம் எழுதுபவரிடம் முன்கூட்டியே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நிலத்தின் பேரில் கடன் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் உட்பட. பின்னால் ஒருவருக்குக் கிடைத்த நிலத்தின் உரிமை செல்லாது என்று ஆகிவிட்டால் அவர் தன் பழைய நிலத்தையே திரும்பக் கேட்கலாம், 119ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. அப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு குடும்பமும் நீதிமன்றத்தில் நிற்கும். அவசரத்தில் வாய்வார்த்தையாக மாற்றிக்கொண்டு உழ ஆரம்பிப்பவர்கள் உண்டு. இந்தத் தலைமுறை ஒத்துக்கொள்ளும், அடுத்தது பட்டாவைக் காட்டும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். 3ஏ அறிவிக்கைக்கு முன்பே செய்தால், கோடு மாறிவிடலாம். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை நினைத்துப் பாருங்கள், 277 கிலோமீட்டர். 2018இல் கல் நட்டார்கள், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. அந்த ஊர்களில் கல்லை நம்பி நிலத்தை மாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொம்பத் தாமதித்தாலும் ஆகாது. வேலி விழுந்து, கிழக்கே இருப்பது தரிசாகி, மனை தரகர் ஒருவர் சாலை முகப்புக்கு விலை பேசிவிட்டால், பங்காளிக்கு மாற்றிக்கொள்ளும் ஆசை போய்விடும். 3டி அறிவிக்கை வந்து, சாலைக்குப் போன பகுதி தனி உட்பிரிவாகி, மிச்சத்துக்குப் புதிய எண் விழுந்த பிறகு, சாலை வேலை முடிவதற்கு முன், இந்த இடைவெளிதான் சரி. எந்த உட்பிரிவு யாருக்கு என்று தெளிவாக எழுத முடியும். பேச்சை மட்டும் 3ஏ வந்த வாரமே தொடங்கிவிட வேண்டும்.

இதன் வரம்பு வெளிப்படையானது. இரண்டு பேருக்குள் நடக்கும், மூன்று பேருக்குள் கஷ்டப்பட்டு நடக்கும், பத்துப் பேருக்குள் நடக்காது. ஜெர்மனியில் சட்டம் செய்வதை இங்கே ஒரு மாமாவும் மூன்று காப்பியும் செய்ய வேண்டியிருக்கிறது. சாலை எடுத்த ஒரு ஏக்கர் பத்து சென்ட் இதில் திரும்பி வராது. கோட்டில் இருந்தவரின் இழப்பு ஊரோடு பகிரப்படாது. உடைந்ததில் மிஞ்சியதைப் பயன்படும்படி செய்யும், அவ்வளவுதான்.

யாருக்கு எது

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நகரம் எட்டிவிட்ட நிலமா, தொகுப்புத் திட்டம் என்று ஒன்று உண்மையில் அரசாணையாக வந்திருக்கிறதா, சேர்ந்துவிடுங்கள். வயதாகிவிட்டது, பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு, மிச்சத்துண்டை யாருக்கு அது காட்டோடு ஒட்டுமோ அவருக்கே கொடுங்கள். மனைக்காரர் தருவதை விடக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லலாம், விற்பது உங்கள் நிலம். இன்னும் பத்து இருபது வருடம் உழப்போகிறீர்கள் என்றால், துண்டிப்பு நட்டத்துக்கு எழுத்தில் கேட்டுவிட்டு, பரிவர்த்தனைக்கு ஆள் தேடுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்யலாம், ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

ஊராகச் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. ஆட்சேபம் தெரிவிக்கும் 21 நாளில் எல்லோரும் "சாலை வேண்டாம்" என்று மட்டும் எழுதுகிறார்கள். அதோடு, எந்த இடத்தில் சுரங்கப்பாலம் வேண்டும், எந்தப் புல எண்ணில் பாசனக் குழாய் கடக்க சாலைக்கு அடியில் பெரிய குழாய் பதித்துத் தர வேண்டும், எந்த வண்டித்தடத்துக்கு அணுகுசாலை வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துக் கேட்கலாம். கட்டும்போது பதிக்கும் குழாய்க்கு ஆகும் செலவு சாலையின் மொத்தச் செலவில் ஒரு துளி. கட்டி முடித்த நெடுஞ்சாலைக்கு அடியில் தனி ஆள் ஒருவர் குழாய் கொண்டுபோக அனுமதி வாங்குவது வேறு கதை.

பெரியப்பாவும் பங்காளியும் இப்போது எட்டு சென்டில் வந்து நிற்கிறார்கள். பணமாகக் கொடுக்கப் பெரியப்பா தயார். பங்காளி பணம் வேண்டாம் என்கிறார். மேற்கே இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போக அந்த எட்டு சென்டில் தடம் விட்டால் போதுமாம், ஆடி மாதம் ஒருநாள் பொங்கல் வைக்க. தடத்தின் அகலம் எவ்வளவு என்பதில் பேச்சு ஓடுகிறது. பத்தடி என்கிறார் அவர். எட்டடி போதாதா என்கிறார் பெரியப்பா. சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார்.